மேகம் இறங்கட்டும், என் வீட்டில் வெளிச்சம் இருக்கு!

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், இந்தக் கட்டுரையில் நிதானத்தை எதிர்பார்க்காதீர்கள். வீட்டுக்குள் வெளிச்சத்தை மாற்றினேன், அவ்வளவுதான். சுவரை இடிக்கவில்லை, மாடி எடுக்கவில்லை, புதுசாக ஒரு நாற்காலிகூட வாங்கவில்லை. ஆனால் சாயங்காலம் எப்போது வரும், எப்போது சுவிட்சைத் தட்டலாம் என்று மத்தியானத்திலிருந்தே கடிகாரத்தைப் பார்க்கிற ஆளாகிவிட்டேன். பால் ஊற்ற வருகிறவர், கூரியர் கொண்டுவருகிறவர், கேஸ் சிலிண்டர் போட வருகிறவர் என்று ஒருவரையும் விடுவதில்லை, உள்ளே கூப்பிட்டு நிற்கவைத்து, "இப்பப் பாருங்க!" என்று சுவிட்சைப் போட்டுக் காட்டுவேன். சிலிண்டர்காரர், "நல்லாருக்கு சார், இங்க ஒரு கையெழுத்துப் போடுங்க" என்றார். அதையும் பாராட்டுக் கணக்கில்தான் வைத்திருக்கிறேன்.

கொடைக்கானலில் நாயுடுபுரம் பக்கம் எங்கள் வீடு. பழைய கல் வீடு. ஒன்றரை அடி கனத்துக்குச் சுவர், சின்னச் சின்ன ஜன்னல்கள், மேலே சீமை ஓடு, முன்னால் ஒரு ஹால், அதிலிருந்து நீளமாக ஒரு நடை, அதன் கடைசியில் அடுக்களை. 2,000 மீட்டருக்கு மேலே இருக்கிற ஊரில் குளிருக்குப் பயந்து கட்டிய வீடு இப்படித்தான் இருக்கும். ஜன்னலைச் சிறுசாக வைத்தால் சூடு வெளியே போகாது, வெளிச்சமும் உள்ளே வராது. அதிலும் அக்டோபரில் வடகிழக்குப் பருவமழை பிடித்துக்கொண்டால் மத்தியானம் மூன்று மணிக்கே மேகம் இறங்கிவிடும். அப்புறம் என்ன, ஹால் உச்சியில் இருக்கிற ஒரே டியூப் லைட்டைப் போடுவோம்; அந்த வெளுத்த வெளிச்சத்தில் வீட்டில் எல்லாருடைய முகமும் காய்ச்சல் கண்டு எழுந்த முகம் மாதிரி இருக்கும். இது இந்த ஊரின் தலையெழுத்து என்று நினைத்து வருஷக்கணக்காக அந்த வெளிச்சத்தில்தான் சாப்பிட்டோம், படித்தோம், சண்டை போட்டோம்.

இந்தக் கிறுக்கு எங்கே பிடித்தது தெரியுமா? நம்ம ஊர் சூரிய ஆய்வகத்தில்! 2,343 மீட்டர் உயரத்தில், 1899இல் மெட்ராஸிலிருந்து மலையேறி வந்த ஆய்வகம்; 1909இல் ஜான் எவர்ஷெட் சூரியப் புள்ளிகளில் வாயு வெளிப்பக்கமாகப் பாய்வதைக் கண்டுபிடித்தது இங்கேதான்; உலகம் முழுக்க அதற்கு எவர்ஷெட் விளைவு என்றே பெயர். சுற்றுலாக்காரர்களோடு சுற்றுலாக்காரனாக ஒருநாள் உள்ளே போனேன். அங்கே சுரங்கத் தொலைநோக்கி என்று ஒன்று இருக்கிறது. கேளுங்கள், கேளுங்கள்! 11 மீட்டர் உயரக் கோபுரம், அதன் உச்சியில் 60 சென்டிமீட்டர் அகலக் கண்ணாடிகள். அவை சூரிய வெளிச்சத்தை அப்படியே பிடித்துக் கீழே தள்ளுகின்றன. கீழே இன்னொரு கண்ணாடி அதை வாங்கித் தரைக்கடியில் 60 மீட்டர் நீளச் சுரங்கத்துக்குள் அனுப்புகிறது. அந்தக் கும்மிருட்டுக்குள் 34 சென்டிமீட்டர் அகலத்துக்கு முழுச் சூரியனும் வந்து விழுகிறது! விவரம் கேட்ட மாத்திரத்தில் எனக்கு மயிர்க்கூச்செறிந்தது. 60 மீட்டர் சுரங்கத்துக்குள் சூரியனையே கொண்டுபோகிறார்கள், என் வீட்டு நடை வெறும் இருபது அடி, அதற்குள் ஒரு கை வெளிச்சம் கொண்டுபோக முடியாதா எனக்கு?

அங்கே தொடங்கியதுதான். முதல் வேலை கூரை. கண்ணாடி ஓடு நமக்கு ஒன்றும் புதுசு இல்லை, தாத்தா காலத்து அடுக்களைகளில் இரண்டு இரண்டாகப் பதித்திருப்பார்கள். ஆனால் மேகமூட்ட ஊருக்கு அது எவ்வளவு பொருத்தம் என்று எனக்கு அப்புறம்தான் தெரிந்தது. முழுக்க மூடிய வானத்தில் எல்லா இடமும் ஒரே அளவு வெளிச்சமாக இருக்காது. தலைக்கு நேர் மேலே இருக்கிற பகுதி, அடிவானத்தை ஒட்டிய பகுதியைவிட ஏறக்குறைய மூன்று மடங்கு பிரகாசம். நம்முடைய சின்ன ஜன்னல்களோ அடிவானத்தையும் எதிர்வீட்டுச் சுவரையும் பார்த்துக்கொண்டு நிற்கின்றன! வெளிச்சம் உச்சியில் கொட்டிக்கிடக்கும்போது நாம் ஓரத்தில் போய்ப் பிச்சை கேட்டுக்கொண்டிருந்தோம். நடைக்கு மேலே, கூரையின் தெற்குச் சரிவில், நான்கு மண் ஓட்டை எடுத்துவிட்டு நான்கு கண்ணாடி ஓடு பதித்தோம். ஆசாரி கடைசி ஓட்டைச் செருகியதும் நான் கீழே நடையில் நின்று அண்ணாந்து பார்த்தபடி இருந்தேன். வெளியே சூரியனே இல்லை, சாம்பல் பூத்த வானம்தான். ஆனால் அந்த நடை, பட்டப்பகலில் லைட்டைப் போட்டுக்கொண்டு நடந்த அந்த நடை, விழித்துக்கொண்டது! சுவரில் கற்களுக்கு நடுவே போன சுண்ணாம்புக் கோடுகளை அன்றைக்குத்தான் கண்டேன். தரையில் சிவப்புச் சிமெண்டுக்குள் யாரோ பழைய காலத்தில் பதித்துவைத்த பூ வேலைப்பாட்டின் கரையைக் கண்டேன். கத்திவிட்டேன். மேலேயிருந்து ஆசாரி பதறி, "என்ன சார், ஓடு விழுந்துருச்சா?" என்றார்.

தெற்குச் சரிவு ஏன் என்று கேளுங்கள், ஆசையாகச் சொல்கிறேன். கொடைக்கானல் இருப்பது பூமத்திய ரேகைக்கு வடக்கே 10 டிகிரி சொச்சத்தில். டிசம்பரில் உச்சிவேளைச் சூரியன் தலைக்கு நேர் மேலே நிற்காமல் தெற்கே 34 டிகிரி அளவுக்குச் சாய்ந்து நிற்கும். ஜூனிலோ வடக்கே 13 டிகிரி சாயும். அதனால் குளிர் வாட்டுகிற மாதங்களில் தெற்குச் சரிவில் இருக்கிற ஓடு வெயிலை நெஞ்சைக் காட்டி வாங்கிக்கொள்ளும். ஏப்ரல் நடுவிலும் ஆகஸ்ட் கடைசியிலும் சூரியன் உச்சந்தலைக்கு வந்து நிற்கும். மேகம் விட்டுக்கொடுத்தால் அன்றைக்கு நான்கு ஓடும் நான்கு வெயில் கட்டங்களைத் தரையில் அச்சடித்துவைக்கும். ஏப்ரல் வெயிலுக்குத் தேதி குறித்து, நண்பர்களை உச்சிவேளைக்கு வரச்சொல்லி, பாயாசம் வைத்துக் காத்திருந்தவன் நான். சிரியுங்கள், பரவாயில்லை. வந்தவர்களும் சிரித்தார்கள். பாயாசத்தையும் விடவில்லை.

அடுத்தது கண்ணாடி. முகம் பார்க்கிற கண்ணாடிதான். மூஞ்சிக்கல்லில் ஒரு சலூனை மூடுகிறார்கள் என்று கேள்விப்பட்டு ஓடினேன், நான்கு அடி நீளக் கண்ணாடி ஒன்றை ஆட்டோவில் வைத்து மடியில் அணைத்துக்கொண்டு வந்தேன். ஹாலில் கிழக்கு ஜன்னல் இருக்கிறதே, ஒன்றரை அடி கனச் சுவரில் அதன் உள்பக்கக் கன்னம், அங்கே கண்ணாடியைச் சாய்த்து நிறுத்தி, கீழே ஒரு மர ஆப்பைச் செருகி, அங்குலம் அங்குலமாக நகர்த்தினோம். என் மனைவி அடுக்களையில் நின்றுகொண்டு, "என்னங்க, இன்னும் கொஞ்சம் இடப்பக்கம்... இல்ல, மிக்ஸி மேல விழுது... ஆங், நிறுத்துங்க, நிறுத்துங்க!" என்று சத்தம் கொடுத்தாள். கல் கட்டிய காலத்திலிருந்து சூரியனைக் காணாத அந்த அடுக்களைச் சுவரில், காலை வெயில், அசல் காலை வெயில், நடை முழுக்க நடந்துபோய் மஞ்சள் டப்பாவின் மேல் உட்கார்ந்தது!

இது அங்கேயே உட்கார்ந்திருக்காது என்பதுதான் இன்னும் வேடிக்கை. சூரியன் மணிக்கு 15 டிகிரி நகருகிறது. அதனால் இருபதடி தூரத்தில் விழுகிற இந்த வெயில் துண்டும் மணிக்கு ஐந்து அடி வேகத்தில் சுவரில் ஊர்ந்துபோகும். மஞ்சள் டப்பாவில் தொடங்கும், மிளகு டப்பாவைத் தொடும், காபி வடிகட்டியின் பித்தளையில் ஏறும்போது அடுக்களைக் கூரை முழுக்கப் பொன் தெறிக்கும், அப்புறம் கதவு நிலை மறித்துவிடும். மொத்தமே அரை மணி நேரம்தான், ஆனால் அந்த அரை மணிக்காக நாங்கள் காபி குடிக்கிற நேரத்தையே மாற்றிவிட்டோம். ஆய்வகத்தில் சூரியனுக்கு ஏற்பக் கண்ணாடியைத் திருப்புகிற வேலையை சீலோஸ்டாட் என்ற கருவி செய்கிறது. அதன் கண்ணாடி 48 மணி நேரத்துக்கு ஒரு சுற்று என்ற கணக்கில் மெதுவாகத் திரும்பி, சூரியன் எங்கே போனாலும் வெளிச்சம் சுரங்கத்தை விட்டு விலகாமல் பிடித்துவைக்கும். எங்கள் வீட்டில் மோட்டார் கிடையாது. வாரா வாரம் ஆப்பைத் தட்டி நகர்த்துகிற மோட்டார் நான்தான்.

வெள்ளையடித்ததை ரொம்ப நீட்டவில்லை. ஜன்னலின் உள்பக்கக் கன்னங்கள், மேல்தளப் பலகை, நடைச் சுவர், இந்த மூன்றுக்கும் பளபளப்பு இல்லாத வெள்ளை. நல்ல வெள்ளை தன்மேல் விழுகிற வெளிச்சத்தில் 80 சதவீதம் வரைக்கும் திருப்பிக் கொடுக்கும். புகை ஏறிக் கறுத்த பழைய பலகை அதில் கால்வாசியைக் கொடுத்தாலே பெரிய விஷயம். கரண்டே இல்லாத விளக்கு அது, பெயிண்ட் டப்பாவுக்குள் அடைத்து விற்கிறார்கள்!

இப்போது ராத்திரிக்கு வருவோம். இதைச் சொல்லத்தான் துடித்துக்கொண்டிருக்கிறேன். எலக்ட்ரிக் கடைக்குப் போய், "அண்ணே, ஒன்பது பல்பு வேணும், எல்லாம் மஞ்சள் வெளிச்சம், எல்லாம் சின்ன வாட்ஸ்" என்றேன். அண்ணன் என்னை ஏற இறங்கப் பார்த்தார். "ஒரு ரூமுக்கா சார்? என்ன, வீட்ல விசேஷமா?" "ஹாலுக்கும் நடைக்கும் அடுக்களைக்கும் சேர்த்துத்தாண்ணே." "ஒரே ஒரு இருபது வாட்ஸ் போட்டா ஜம்முனு இருக்குமே சார், எதுக்கு இத்தனை ஓட்டை?" அங்கேயே நின்று விளக்கினேன், பின்னால் வரிசை கட்டி நின்றவர்களையும் மறந்து விளக்கினேன். கார்த்திகைக்கு நாம் என்ன செய்கிறோம்? ஒரே ஒரு பெரிய விளக்கை விட்டத்தில் கட்டித் தொங்கவிடுகிறோமா? படிக்கு ஒன்று, மாடத்துக்கு ஒன்று, துளசி மாடத்தில் ஒன்று, கிணற்றடியில் ஒன்று என்று சின்னச் சின்ன அகலாக வைக்கிறோம். எல்லாம் இடுப்புக்குக் கீழே, எல்லாம் சுவரை ஒட்டி. அன்றைக்கு மட்டும் நம் வீடு அத்தனை அழகாக இருப்பதற்குக் காரணமே அந்த இடங்கள்தான்! கண்ணுக்கு நேரே விளக்கு எரிந்தால் விளக்குத்தான் தெரியும். சுவரில் வெளிச்சம் விழுந்தால் வீடு தெரியும். அண்ணன் கடைசியில் ஒன்பது பல்பையும் ஒவ்வொன்றாகப் போட்டுச் சோதித்துக் கொடுத்துவிட்டு, "பாத்துப் போங்க சார்" என்றார்.

மஞ்சள் வெளிச்சம் என்று சும்மா சொல்லவில்லை. பல்பு அட்டையில் கெல்வின் என்று ஒரு எண் போட்டிருப்பான், தயவுசெய்து அதைப் படியுங்கள். 6,500 என்றால் நாம் பழகிய அந்த நீலம் பாய்ந்த வெள்ளை. 2,700 என்றால் பழைய குண்டு பல்பின் பொன்னிறம். மெழுகுவத்திச் சுடர் 1,900 பக்கம் வரும். எல்இடிக்குள் உண்மையில் எரிவது நீல வெளிச்சம். அதன்மேல் பூசிய மஞ்சள் பூச்சுதான் அதை வெள்ளையாக்குகிறது, பூச்சைக் கூட்டி மாற்றினால் பொன்னிறம் வருகிறது. அந்த நீல எல்இடியைக் கண்டுபிடித்ததற்காகத்தான் அகாசாகி, அமானோ, நகாமுரா மூவருக்கும் 2014இல் நோபல் பரிசு. அன்றைக்கு நம் நாட்டில் அரசாங்கமே மொத்தமாக வாங்கினாலும் ஒரு பல்பு 310 ரூபாய். 2015 ஜனவரியில் உஜாலா திட்டம் வந்து, அடுத்த ஓரிரு வருஷத்தில் கொள்முதல் விலை 40 ரூபாய்க்கும் கீழே விழுந்தது. நோபல் பரிசு வாங்கிய சமாச்சாரம் ஒரு கிலோ கேரட் விலைக்கு! வாங்கிக் குவிக்காமல் இருக்க முடியுமா?

சாப்பாட்டு மேஜைக்கு மேலே மட்டும் ஒரு ராஜ பல்பு. நிறங்களை எவ்வளவு உண்மையாகக் காட்டும் என்பதற்கு சிஆர்ஐ என்று ஒரு மதிப்பெண் உண்டு; குண்டு பல்புக்கு 100, சாதாரண எல்இடிக்கு 80 சொச்சம். நான் தேடிப்பிடித்தது 90க்கு மேலே. அதை மேஜையிலிருந்து இரண்டரை அடி உயரத்துக்கு இறக்கித் தொங்கவிட்டேன். விளக்கைப் பாதித் தூரத்துக்குக் கொண்டுவந்தால் வெளிச்சம் நான்கு மடங்கு, அதனால் 5 வாட்ஸே போதும். முதல் ராத்திரி அதன் கீழே ஒரு தட்டு கேரட் பொரியல், ஒரு கிண்ணம் தக்காளி ரசம், சீசனுக்கு வந்திருந்த கொடைக்கானல் பிளம்ஸ். அடடா! பிளம்ஸின் தோலில் கருஞ்சிவப்புக்கு மேலே வெண்சாம்பல் பூத்திருக்கும், பார்த்திருக்கிறீர்களா? விரல் பட்ட இடம் மட்டும் மினுங்கும். டியூப் லைட்டில் அது வெறும் கறுப்பு உருண்டை. அன்றைக்கு அதைத் தின்ன மனசு வராமல் உருட்டி உருட்டிப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

எங்கள் அம்மாதான் கடைசிவரை மசியாதவர். "ஏண்டா, உனக்குக் கிறுக்குப் பிடிச்சிருக்கா? கரண்டு பில்லு என்னத்துக்காகும்?" கணக்கைப் போட்டுக் காட்டினேன். பழைய இரண்டு டியூப் லைட்டும் சோக்கோடு சேர்ந்து 100 வாட்ஸ் பக்கம் தின்றன. இப்போது ஒன்பது பல்பும் சேர்ந்து எரிந்தாலும் 45 வாட்ஸ். அம்மா நம்பவில்லை. சரி என்று அவர் உட்காருகிற பிரம்பு நாற்காலிக்குப் பக்கத்தில், தோளுக்குப் பின்னாலிருந்து மடியில் வெளிச்சம் விழுகிற மாதிரி வளைகிற கழுத்துள்ள விளக்கு ஒன்றை நிறுத்தினேன். அறுபது வயசுக் கண்ணுக்குள், விழித்திரைவரை போய்ச் சேருகிற வெளிச்சம், இருபது வயசுக் கண்ணுக்குள் போவதில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்குதான். நாம் "நல்லாத்தானே தெரியுது" என்று சொல்லிக்கொண்டு பெரியவர்களை அரை இருட்டில் உட்காரவைத்திருக்கிறோம்! அம்மா ஒன்றும் பேசவில்லை. ஊசியை எடுத்தார், நூலின் நுனியை நாக்கில் தொட்டார், கோத்தார். பேத்தியைக் கூப்பிடாமல் தானே கோத்தார். "ம்ம், பரவால்ல" என்றார். எங்கள் அம்மாவின் வாயிலிருந்து "பரவால்ல" வருவது எவ்வளவு பெரிய விருது என்று எங்கள் சொந்தக்காரர்களைக் கேளுங்கள். அடுக்களையில் மேல்தட்டுக்கு அடியில் ஒட்டிய எல்இடி பட்டைக்கும் அதே விருது கிடைத்தது. முதுகுக்குப் பின்னால் லைட் எரிந்ததால் இத்தனை காலம் தன் நிழல்மேலேயே மலைப்பூண்டு உரித்துக்கொண்டிருந்தவர் அவர்.

இப்போது கண்ணை மூடிக்கொண்டு, இல்லை, திறந்துகொண்டே நினைத்துப் பாருங்கள். டிசம்பர் மாதம், சாயங்காலம், ஏரிப் பக்கமிருந்து மேகம் ஏறிவருகிறது, முதலில் பேரிக்காய் மரத்தை விழுங்குகிறது, அப்புறம் வேலியை, அப்புறம் வாசல் படியை, கடைசியில் ஜன்னல் கண்ணாடியில் வந்து முட்டிக்கொண்டு நிற்கிறது, வெளியே உலகமே இல்லை, வெறும் சாம்பல். நான் நடையின் கோடியிலிருந்து தொடங்குகிறேன், முதலில் பழைய விளக்கு மாடத்துக்குள் ஒளித்துவைத்த சின்ன பல்பு, டக், கல் சுவரின் மேடு பள்ளமெல்லாம் எழுந்து நிற்கிறது. அடுத்து புத்தக அலமாரிக்குப் பின்னால், டக், புத்தக முதுகுகளின் பொன் எழுத்துகள் ஒவ்வொன்றாகக் கண் சிமிட்டுகின்றன. ஜன்னல் திட்டில் ஒன்று, டக், அவ்வளவு நேரம் சோகம் சொட்டிக்கொண்டிருந்த அந்த மேகம் இருக்கிறதே, அது அப்படியே தேன் நிறமாகிவிடுகிறது, ஐயோ, எப்படிச் சொல்வேன், எந்த மேகத்துக்குப் பயந்து இத்தனை வருஷம் கதவைச் சாத்திக்கொண்டோமோ அதே மேகம் என் வீட்டு விளக்கை வாங்கித் தன் மேலே பூசிக்கொண்டு வாசலில் நிற்கிறது, ஹால் இரண்டு மடங்கு பெரிதாகத் தெரிகிறது, மூலைகள் இருக்கின்றன, மூலைகளில் ஆட்கள் இருக்கிறார்கள், ஆளுக்கொரு வெளிச்ச வட்டம், என் மகள் ஒன்றில் வீட்டுப்பாடம், அம்மா ஒன்றில் தையல், மனைவி ஒன்றில் வாரப் பத்திரிகை, எனக்கு மட்டும் உட்கார இருப்புக் கொள்ளவில்லை, மங்கி கேப்பை மாட்டிக்கொண்டு அந்தக் குளிரில் வெளியே ஓடி, ரோட்டில் நின்று, என் வீட்டை நானே வேடிக்கை பார்க்கிறேன். பக்கத்து வீட்டுக்காரர் டார்ச் அடித்துக்கொண்டு வந்தார். "என்ன சார், சாவியைத் தொலைச்சுட்டீங்களா?" "இல்லங்க, சும்மா பாத்துட்டிருக்கேன்." "எதை?" "என் வீட்டைத்தான்." அவர் என்னைப் பார்த்தார், வீட்டைப் பார்த்தார், மறுபடியும் வீட்டைப் பார்த்தார். அடுத்த வாரம் அவர் வீட்டு ஜன்னலிலும் மஞ்சள்!

குறையே இல்லையா என்பீர்கள். முதல் பெருமழையில் கண்ணாடி ஓட்டின் ஓரமாக ஒரு சொட்டு, இரண்டு சொட்டு; ஆசாரி வந்து அடைத்தார், தீர்ந்தது. ஒன்பது விளக்குக்கு ஒன்பது சுவிட்ச், விருந்தாளிகள் ராத்திரி பாத்ரூம் போகும்போது மொத்த வீட்டையும் எழுப்பிவிடுகிறார்கள். அது அவர்கள் பாடு. மரம் விழுந்து கரண்ட் போகிற ராத்திரிகளில் இன்வெர்ட்டர் முன்பைவிட இரண்டு மடங்கு நேரம் தாங்குகிறதே, அதைச் சொல்லுங்கள் முதலில்!

அடுத்தது குளியலறை. அங்கே ஒரு கண்ணாடி ஓடு போட்டால் டிசம்பர் வெயில் சரியாக வெந்நீர் அண்டாவின் மேல் விழும் என்று கணக்குப் போட்டு வைத்திருக்கிறேன். ஆவிக்குள் வெயில் இறங்கினால் எப்படி இருக்கும், யோசியுங்களேன்! ஆசாரிக்குச் சொல்லியாகிவிட்டது, அம்மாவுக்கு இன்னும் சொல்லவில்லை. நீங்கள் கொடைக்கானலுக்கு வந்தால் ஏரி, கோக்கர்ஸ் வாக், பிரையண்ட் பூங்கா எல்லாம் பாருங்கள், வேண்டாம் என்று சொல்லவில்லை. மேகம் இறங்கியதும் எல்லாரும் "ஒண்ணும் தெரியல" என்று புலம்பிக்கொண்டு வண்டியில் ஏறுவார்கள். அப்போது ஏறாதீர்கள். மூஞ்சிக்கல்லில் எந்த ஆட்டோக்காரரிடமும் "லைட்டுக் கிறுக்கன் வீடு எது?" என்று கேளுங்கள், கொண்டுவந்து விடுவார். சுவிட்சை நான்தான் போடுவேன், அதை மட்டும் கேட்காதீர்கள்.